இமை ஒட்டாத ஞாயிற்றுக்கிழமை

பார்லர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பெண்களே, உங்களிடம் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷத் தொழிலில் நான் பயந்து பயந்து செய்தது இமை வேலை ஒன்றைத்தான். முகூர்த்த நேரத்தில் மணப்பெண்ணின் கொண்டை அவிழ்ந்து விழுந்தபோதுகூட எனக்குக் கை நடுங்கவில்லை. இமை அப்படியில்லை. நீங்கள் பசை வைக்கிற இடத்துக்கும் அவள் பார்வைக்கும் நடுவில் இருப்பது ஒரு மெல்லிய தோல். கொஞ்சம் பயம் இருந்தால்தான் அந்த இடத்தில் கை வைக்க வேண்டும்.

இன்றைக்கு உங்களிடம் ஆயிரம் வழி இருக்கிறது. ஒவ்வொரு முடியாக ஒட்டுகிறீர்கள், சுருட்டி நிறுத்துகிறீர்கள், சீரம் என்று சின்னக் குப்பியில் ஏதோ தருகிறீர்கள். பனியன் கம்பெனிகள் நிறைந்த அருள்புரத்தில் நான் கடை வைத்திருந்த காலத்தில் விளக்கெண்ணெய் உண்டு, மஸ்காரா உண்டு, இமையைக் கவ்விச் சுருட்டுகிற கருவி உண்டு, பெட்டியில் ஜோடியாக வரும் ஒட்டு இமை உண்டு. அதற்கு மேல் கேட்டால் கடவுளைத்தான் கேட்க வேண்டும். ஆனாலும் கேட்காமல் விட்டார்களா? அவிநாசிப் பக்கம் சொந்தமாகப் பனியன் கம்பெனி வைத்திருந்த வீட்டு அம்மாள் ஒருவர், கத்தரிக்கோலால் தன் இமை முடியைத் தானே வெட்டிக்கொண்டு வந்து நின்றார். “தலமுடிய வெட்டுனா வளருதில்லீங்க? அதான் இதையும் நுனி வெட்டி உட்டனுங்க” என்றார். “அம்மிணி, தலமுடியே வெட்டறதால வளர்றதில்லீங்க” என்று சொன்னேன். கண்ணில் குத்திக்கொள்ளாமல் வெட்டினாரே, அந்தக் கைத்திறமைக்கு அவரையே வேலைக்கு வைத்திருக்கலாம். விழுந்த இமை தானாக வளரும், தன் அளவு வந்ததும் நிற்கும், தானாக உதிரும். நாம் செய்ய முடிந்ததெல்லாம் இருப்பதை எடுப்பாகக் காட்டுவது, இல்லாததை இருப்பதாகக் காட்டுவது, இரண்டும்தான்.

இந்த இரண்டாவது வேலையைச் செய்யச் சொல்லி ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கடைக்கு வந்தவள்தான் ஸ்டெல்லா.

வெளிநாட்டில் ஏதோ பேங்க் விழுந்துவிட்டது என்று டிவியில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த வருஷம் அது. எங்கோ பேங்க் விழுந்தால் இங்கே பனியன் விழும் என்று எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆர்டர் இல்லை. ஞாயிறு காலையில் கம்பெனிப் பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் கடையில் பெஞ்சு காலியாகக் கிடந்தது. சர்ச்சில் பூசை முடித்துவிட்டு நேராகக் கடைக்கு வந்தார்கள் ஸ்டெல்லாவும் அவள் மதினியும். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அண்ணனும், அண்ணன் மனைவியான இந்த மதினியும் தையலில், ஸ்டெல்லா செக்கிங்கில். தைத்து வந்த பனியனை மேசையில் விரித்து, ஓட்டை, கறை, நூல் பிசிறு பார்த்து ஒதுக்குகிற வேலை.

மதினிதான் பேசினாள். “அக்கா, இவளுக்குக் கண்ணு இமையக் கொஞ்சம் நெறச்சுக் குடுங்க. சாயங்காலம் பொண்ணு பாக்க வாராவ.”

ஸ்டெல்லா தலை நிமிரவில்லை. நாற்காலியில் உட்காரவைத்து, விளக்கை இழுத்து, தாடையைப் பிடித்து நிமிர்த்தினேன். வலது கண்ணின் மேலிமையில் ஓரத்தில் நாலைந்து முடி. மீதி இடம் வெறும் தோல், சிவந்து தடித்திருந்தது. இடது கண்ணில் பாதி இருந்தது. இமை இல்லாத கண்ணை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அந்த முகத்துக்கு எப்போதும் ஏதோ அதிர்ச்சியில் விழித்துக்கொண்டிருப்பது போன்ற ஒரு தோற்றம் வந்துவிடும்.

“எத்தன நாளா இப்புடி இருக்குது கண்ணு?” என்றேன்.

“தெரியலக்கா. பஞ்சு விழுது, அதுல கொட்டுது” என்றாள்.

பஞ்சு என்பது பொய்யில்லை. கம்பெனியில் துணியிலிருந்து பறக்கும் தூசி தலையில், புருவத்தில், இமையில் எல்லாம் வெள்ளையாக உட்காரும். சாயங்காலம் அந்தப் பெண்கள் வெளியே வரும்போது எல்லோருக்கும் ஒரே நாளில் நரைத்துவிட்டது போலத் தெரியும். ஆனால் அத்தனை பெண்களுக்கும் இமை இருந்தது. பஞ்சு இவளுக்கு மட்டும் தனியாக விழுமா?

மதினி என் முழங்கையைத் தொட்டு, கடையின் பின்பக்கம் வரச் சொல்லிக் கண்ஜாடை காட்டினாள். அங்கே தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் நின்று, சத்தமே வராமல் பேசினாள். “எங்க மாமியாருக்கு ஒரு சித்தப்பா இருந்தாவ. அவங்களுக்கு மொதல்ல இமையும் புருவமுந்தான் கொட்டிச்சாம். பெறவு வெரலு... பெருவியாதிக்கா. அதுதான் இவளுக்கும் வந்துட்டோன்னு எனக்கு ராத்திரி உறக்கமே இல்ல. இவ அண்ணன்ட்டகூட நான் சொல்லல. இன்னைக்கு மட்டும் ஒட்டிவிடுங்க. பேச்சு முடிஞ்சிரட்டும்.”

தொழுநோய் என்ற சொல்லை அவள் சொல்லவில்லை. சொன்னதே போதுமாக இருந்தது. சற்றுமுன் ஸ்டெல்லாவின் தாடையைப் பிடித்த என் விரல்களை நானே பார்த்துக்கொண்டேன். பயமாகத்தான் இருந்தது. வெளியே தெரிந்தால் கடைக்கு ஒருத்தி வரமாட்டாள் என்பதும் அந்த நிமிஷத்தில் மனதுக்குள் ஓடியது. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், இப்படி ஒரு வேளை வந்தால் உங்கள் மனமும் இதே மாதிரிதான் ஓடும். ஓடட்டும். கை மட்டும் அதன் பின்னால் ஓடக்கூடாது.

எனக்கு யோசிக்க நேரம் வேண்டியிருந்தது. “அம்மிணி, சாயங்காலத்துக்குப் பூ வாங்கியாச்சுங்களா? நீங்க போயி வாங்கிட்டு வாங்க, நான் அதுக்குள்ள கண்ணைத் தொடச்சு வெக்கறனுங்க” என்று மதினியை அனுப்பினேன்.

பஞ்சை வெந்நீரில் நனைத்து ஸ்டெல்லாவின் இமையைத் துடைத்தேன். வழவழவென்று விளக்கெண்ணெய் வந்தது. முடி வளரட்டும் என்று மதினி ராத்திரிதோறும் தடவிவிடுவதாக ஸ்டெல்லா சொன்னாள். ஊரெல்லாம் சொல்கிற வைத்தியம்தான். ஆனால் எண்ணெய் இமையோடு காலையில் பனியன் கம்பெனிக்குள் போனால் என்ன ஆகும்? பறக்கிற தூசியெல்லாம் அங்கே வந்து ஒட்டும். அரிக்கும், தேய்ப்பாள், இன்னும் சிவக்கும். வேறு ஊரில் கெடுதல் செய்யாத எண்ணெய் இந்த ஊரில் கண்ணைக் கெடுத்துக்கொண்டிருந்தது. யாருக்கு என்ன சொன்னாலும் அவள் பகலெல்லாம் எங்கே நிற்கிறாள் என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

துடைக்கும்போது இடது கண்ணிலிருந்து ஒரு முடி உதிர்ந்து கன்னத்தில் விழுந்தது. நான் விரலால் ஒற்றி எடுத்தேன். அதைத் துணியில் துடைக்கப் போன என் மணிக்கட்டை ஸ்டெல்லா சட்டென்று பிடித்தாள்.

“அக்கா, அதக் குடுத்துருங்க.”

வாங்கிப் புறங்கையில் வைத்துக் கண்ணை மூடினாள். உதடு அசைந்தது. ஊதினாள். வெந்நீரில் நனைந்திருந்ததால் முடி பறக்கவில்லை. மறுபடி ஊதினாள். பறக்கவில்லை. அவள் முகம் வெளுத்துப்போனது. உடனே வலது கையால் கண்ணைப் பிடித்துக்கொண்டு அடுத்த முடிக்காகத் தேய்க்க ஆரம்பித்தாள், நான் பக்கத்தில் நிற்பதே மறந்து.

நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் செய்ததுதானே அது. இமை முடி விழுந்தால் புறங்கையில் வைத்து, ஒன்றை நினைத்து ஊதுவோம். பறந்தால் நினைத்தது நடக்கும். பரீட்சைக்கு ஊதியிருக்கிறோம், புதுப் பாவாடைக்கு ஊதியிருக்கிறோம். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்தேன்.

“என்ன கண்ணு வேண்டிக்கற?”

முதலில் ஒன்றுமில்லை என்றாள். கையை விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தேன். பிறகு அழுதுகொண்டே சொன்னாள். “சாயங்காலம் கம்பெனில சூப்பர்வைசர் வந்து பேரு வாசிப்பாவக்கா. யாரு பேரு வருதோ அவங்களுக்கு நாளையிலேந்து வேலை கெடையாது. ஒரு நாளு அவரு வாரதுக்கு முன்னாடி ஒரு இமை தானா விழுந்துச்சு. ஊதுனேன், பறந்துச்சு. என் பக்கத்துல நின்னவ பேரு வந்துச்சு, என் பேரு வரல. மறுநாளு விழல. பயமா இருந்துச்சு, தேய்ச்சுப் பாத்தேன், விழுந்துச்சு. பிடுங்குனா பலிக்காதுலா. தேய்ச்சா தானா விழுந்த கணக்கு.”

“அன்னீலிருந்து தினமுமா?”

“இதுவரைக்கும் என் பேரு வரலக்கா” என்றாள்.

அவள் சொன்ன விதத்தில் எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை. அவள் கணக்கில் தப்பே இல்லை. ஒவ்வொரு நாளும் ஊதினாள், ஒவ்வொரு நாளும் வேலை நின்றது. பாதிக் கம்பெனி வீட்டுக்குப் போய்விட்டது, இவள் இன்னும் மேசையருகே நிற்கிறாள். இதை விடு என்று யார் சொன்னால் விடுவாள்? கடைசியாக என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, “மதினிட்ட சொல்லிராதீங்கக்கா. பைத்தியம்னு சொல்லிருவாவ” என்றாள்.

மாட்டிக்கொண்டேன். நோய் என்று வெளியே தெரிந்தால் அவள் கல்யாணம் போயிற்று. தானே இமையை உதிர்க்கிறாள் என்று தெரிந்தாலும் கல்யாணம் போயிற்று. பேசாமல் ஒட்டிவிடலாம் என்றால், ஒட்டு இமை உட்காருவதற்கு அடியில் கொஞ்சமாவது சொந்த முடி வேண்டும். இவளுக்கு வெறும் புண்பட்ட தோல். அதன்மேல் பசை வைத்தால் மாப்பிள்ளை வீட்டார் காப்பி குடிக்கும்போதே கண் வீங்கி மூடிக்கொள்ளும். மஸ்காரா பூச முடி இல்லை. கண்மை தீட்டினால் எரியும். என்னிடம் இருந்த அத்தனை வழியும் அந்தக் கண்ணுக்கு முன்னால் தீர்ந்துபோனது.

மதினி மல்லிகைப் பையோடு வந்தாள். “ஒட்டலயாக்கா?”

“இல்லீங்க. டாக்டரம்மாகிட்டக் காட்டாம நான் கை வெக்க மாட்டனுங்க.”

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “ரெண்டு மணி நேரம் தாங்குனா போதும்லா? இதுக்கா உங்ககிட்ட வந்தோம்?”

“கண்ணு கெட்டுப்போச்சுன்னா யாருங்க பதில் சொல்றது?”

“டாக்டரு வேண்டாம்க்கா.” கோபம் போய்க் குரல் உடைந்தது. “அவங்க வாயால சொல்லிட்டா பெறவு அது நெசமாயிரும்லா.”

அந்தப் பயம் எனக்கு நன்றாகவே புரிந்தது. ஆனாலும் விடவில்லை. “இல்லைன்னு சொல்லிட்டா அதும் நெசந்தானுங்களே” என்றேன். இமை இத்தனை கொட்டியதற்கு நான் நினைத்த காரணம் மட்டும்தான் காரணமா என்பதும் எனக்கு நிச்சயமில்லை. ஸ்டெல்லா சொன்னதைக் கேட்டு நிம்மதியடைந்து வீட்டுக்கு அனுப்பியிருந்தால் அதுவும் முட்டாள்தனம்தான். நாம் பார்லர்க்காரிகள். சந்தேகம் வந்தால் தாண்டக் கூடாத கோடு ஒன்று நமக்கு இருக்கிறது. அதை எவ்வளவு அவசரத்திலும் மறக்காதீர்கள்.

புருவம் திருத்த என்னிடம் வந்துகொண்டிருந்த தோல் டாக்டர் ஒருவர் பல்லடத்தில் இருந்தார். ஞாயிறாயிற்றே என்று கூசிக்கொண்டே போன் செய்தேன். வீட்டுக்கே வரச் சொன்னார். கடையைப் பூட்டிவிட்டு ஆட்டோவில் மூன்று பேரும் போனோம். மதினி வழியெல்லாம் ஜெபம் சொல்லிக்கொண்டு வந்தாள். ஸ்டெல்லா தன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

டாக்டரம்மா முதலில் ஸ்டெல்லாவை மட்டும் உள்ளே அழைத்துப் போனார். கதவு திறக்க நேரம் ஆக ஆக மதினி என் தோளில் சாய்ந்துகொண்டே வந்தாள். எனக்குச் சாய யாரும் இல்லை, சுவரில் சாய்ந்துகொண்டேன். பிறகு எங்களையும் கூப்பிட்டார்.

“நீங்க பயந்த வியாதி இல்லைம்மா. உடம்பு பூராப் பார்த்துட்டேன், தொட்டா தெரியுதான்னும் பார்த்துட்டேன். இருந்திருந்தாலும் மாத்திரையில குணமாகுற வியாதிதான் அது. அதுக்குப் போய் இப்படிச் சாகறீங்களே! இது இமையில வந்த புண். எண்ணெய், தூசி, தேய்ப்பு. ஆயின்ட்மென்ட் தர்றேன், கண் டாக்டரையும் ஒரு தடவை பாருங்க. நல்லாகிற வரைக்கும் பசை, மை எதுவும் ஆகாது.”

மதினி அங்கேயே ஸ்டெல்லாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள். “ஏட்டி, ஒண்ணுமில்லையாம்ட்டி” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்ததும் சாயங்காலம் ஞாபகம் வந்துவிட்டது. “இப்ப அவங்க வந்து நிப்பாவளே, என்ன சொல்லதுக்கு?”

“உள்ளதைச் சொல்லுங்க. புள்ளைக்குக் கண்ணு நோவுன்னு சொல்லுங்க.”

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். முகம் தெளிந்தது. “மெட்ராஸ் ஐன்னு சொல்லிருதேன்.”

“நான் கண்ணு நோவுன்னுதானுங்க சொன்னேன்” என்றேன். கேட்டால்தானே? மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டாள். பாதி சொல்வதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து, “வேண்டாம் வேண்டாம், நல்லா சொகமாகட்டும், பெறவு வாரோம்” என்று வைத்துவிட்டார்கள். ஒட்டிக்கொள்ளும் என்ற பயத்தில் அவர்கள் ஓடியதை நினைத்து ஆட்டோவில் நாங்கள் மூவரும் சிரித்தோம். அன்றைக்கு அதுதான் முதல் சிரிப்பு.

ஆனால் நிஜமான கஷ்டம் அப்போதும் அப்படியே இருந்தது. கிளம்பும் முன் டாக்டரம்மா என்னைத் தனியாக நிறுத்தி, “அவ எங்கிட்ட எல்லாம் சொன்னா. கை நிக்கலைன்னா இதுக்குன்னு டாக்டர் இருக்காங்க, அனுப்பி வைக்கிறேன். அது பைத்தியம் இல்லைன்னு அவளுக்கு நீங்களும் சொல்லுங்க” என்றார். நானும் சொன்னேன். ஸ்டெல்லா தலையாட்டினாள். கடை வாசலில் இறங்கியதும் மதினி முன்னால் போக, இவள் பின்தங்கி நின்று கேட்டாள்:

“நாளைக்கு சாயங்காலம் என்ன செய்யதுக்குக்கா?”

உன் பேர் வராது, போ, என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது. யாருக்காவது ஆறுதல் சொல்வதே நம் தொழிலில் பாதி. ஆனால் அவள் பேர் வரலாம். அந்த வருஷம் யார் பேர் வேண்டுமானாலும் வரலாம். பொய்யான தைரியம் சொல்லி நாளைக்கே அது உடைந்தால், மறுபடி அந்தப் பெண் யார் சொல்வதைக் கேட்பாள்? “வருமா வராதான்னு எனக்குத் தெரியாது கண்ணு. உன்ற இமைக்கும் தெரியாது” என்றேன். “பேரு வாசிக்கறப்ப ரெண்டு கையையும் துப்பட்டாவுக்குள்ள கோத்து வெச்சுக்க. அப்பறம் என்ன ஆனாலும் இங்க வந்துரு.”

திங்கள் சாயங்காலம் கம்பெனி விடும் நேரத்தில் ஒரு வேலையும் ஓடவில்லை. ஒரு பெண்ணுக்கு ஒரு புருவத்தை முடித்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். “அக்கா, இன்னொண்ணு?” என்று அவள் கேட்ட பிறகுதான் திரும்பினேன். ஸ்டெல்லா வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. அவளிடமிருந்த ஒரே பிடிமானத்தைப் பறித்துவிட்டேனோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வராமல் இருப்பது நல்லதுக்கா கெட்டதுக்கா என்றுகூடத் தெரியவில்லை. போய்க் கேட்கவும் முடியாது. கேட்டால் மதினிக்குத் தெரிந்துவிடும்.

அவள் இமை பின்னால் நன்றாக வளர்ந்தது. அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நீங்களும் என்னைப்போலத் தவிக்க வேண்டாம். நான் எதுவும் ஒட்டவில்லை, எதுவும் தடவவில்லை. கையை எடுத்ததும் தானாக வந்தது. நீளமான இமைக்கு என்ன வழி என்று உங்களிடம் கேட்டு வருகிறவர்களுக்கு எல்லா வழியையும் சொல்லுங்கள், அதுதான் உங்கள் பிழைப்பு. ஆனால் இருந்த இமை எங்கே போயிற்று என்று முதலில் கேளுங்கள். அதற்கு அவள் சொல்லும் முதல் பதிலோடு நின்றுவிடாதீர்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஸ்டெல்லா கடைக்குள் வந்து நின்றாள். சாப்பாட்டுத் தூக்கோடு, கம்பெனியில் வைத்திருந்த மாற்றுச் செருப்பையும் ஒரு பையில் போட்டுக் கையில் வைத்திருந்தாள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

“வாசிச்சுட்டாவக்கா” என்றாள்.

பக்கத்தில் போய் அவள் தோளைப் பிடித்தேன்.

“மூணு நாளு கையக் கோத்துக்கிட்டு நின்னேன், வாசிக்கல. இன்னைக்கு ரொம்பப் பயமாயிட்டு. தேய்க்கக்கூட இல்ல, நேராவே பிடுங்கி ஊதிட்டேன். நல்லாப் பறந்துச்சுக்கா. அப்படியும் என் பேரத்தான் மொதல்ல வாசிச்சாவ. ஊதாத மூணு நாளும் வராத பேரு, ஊதுன அன்னைக்கு வந்துட்டு.”

அழுவாள் என்று காத்திருந்தேன். அழவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். வெகுதூரம் சுமந்து வந்ததை இறக்கி வைத்தவள் போல மூச்சுவிட்டாள். பிறகு அந்த வெறும் இமைகளோடு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்:

“அப்போ இனிமே பிடுங்க வேண்டாம்லாக்கா?”